மூலப்பாறையில் கரிமக் கார்பன்: எந்திரத்துக்கு முன்பே நேரும் தவறுகள்

எண்ணெயும் எரிவாயுவும் பிறக்கும் பாறைதான் மூலப்பாறை. அதில் பழைய உயிர்களின் எச்சமாகத் தங்கிய கரிமக் கார்பன் எத்தனை சதவீதம் என்று அறிய, பொடித்த பாறையைச் சுமார் 1350 டிகிரி செல்சியஸில் எரித்து, வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை அகச்சிவப்புக் கதிரால் அளந்து, எந்திரம் ஓர் எண்ணைக் கொடுத்துவிடும். உலைக்கு ஆதிப் பாசியின் கார்பனும் ஒன்றுதான், சுண்ணாம்பின் கார்பனும் ஒன்றுதான். பிரித்துத் தர வேண்டியது நம் பொறுப்பு. பெரும்பாலான பிழைகள் அங்கேதான் முளைக்கின்றன.

சுண்ணாம்புக் கனிமமான கால்சைட்டின் எடையில் 12 சதவீதம் கார்பன். பத்து சதவீதம் கால்சைட் கரையாமல் தங்கினாலே 1.2 சதவீதம் கணக்கில் ஏறிவிடும். கரிமக் கார்பன் 0.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள ஷேலை, அதாவது இறுகிய களிமண் பாறையை, பொதுவாக மூலப்பாறையாக மதிப்பதில்லை. 1 முதல் 2 வரை நல்லது என்பார்கள். அப்படியானால் 0.4 சதவீத ஏழைப்பாறை 1.6 ஆகி, கூசாமல் நல்ல பாறைகளின் வரிசையில் போய் நின்றுகொள்ளும்.

அந்தச் சுண்ணாம்பை முதலில் கரைத்து நீக்கத்தான் ஹைட்ரோகுளோரிக் அமிலக் குளியல். நுரை அடங்கியதும் வேலை முடிந்தது என்று எடுத்துவிடுவது பலர் செய்யும் தவறு. கால்சைட் உடனே பொங்கும். மக்னீசியம் கலந்த கார்பனேட்டான டோலமைட் குளிர்ந்த அமிலத்தில் லேசில் அசைந்து கொடுக்காது. அமெரிக்காவின் கொலராடோ, யூட்டா மாநிலங்களில் உள்ள கிரீன் ரிவர் பாறையில் டோலமைட் ஏராளம். அதற்கு இளஞ்சூடும் பொறுமையும் வேண்டும். இரும்புக் கார்பனேட்டான சிடரைட் இன்னும் பிடிவாதக்காரன்.

அடுத்தது எடை. ஒரு கிராம் பாறையில் 0.6 கிராம் அமிலத்தில் கரைந்துபோனால், மீதி 0.4 கிராம். எந்திரம் 5 சதவீதம் காட்டினால் அது அந்த மீதிக்கான விடை. அமிலத்தில் இடுவதற்கு முன்பிருந்த முழுப் பாறைக்கு 2 சதவீதம்தான். இந்தச் சாதாரணப் பெருக்கலை மறந்த அறிக்கைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும்.

கிணற்றிலிருந்து மேலே வரும் பாறைத் துணுக்குகளில் துளையிடும்போது செலுத்தும் துளைச்சேற்றின் டீசலும், சேற்றில் கலந்த லிக்னைட்டும், மேலடுக்கிலிருந்து சரிந்த கற்களும் ஒட்டியிருக்கும். டீசலைக் கரைப்பானால் கழுவலாம். அப்போது பாறையின் சொந்த எண்ணெயும் சேர்ந்தே போய்விடும். லிக்னைட்டும் சரிந்த கற்களும் கழுவினால் போகாதவை, நுண்ணோக்கியின் கீழ் பொறுக்கித்தான் எடுக்க வேண்டும். கறுப்பான துணுக்குகளை மட்டும் பொறுக்கினாலோ எண் வீங்கிவிடும். மலைச்சரிவில் வெளியே தெரியும் பாறையில் இதற்கு நேர்மாறு: வெயிலும் மழையும் கரிமத்தைத் தின்றிருக்கும். மேல்தோலைக் கொத்தி எறிந்துவிட்டு உள்ளே இருப்பதை எடுங்கள்.

எல்லாம் சரியாகி 3 சதவீதம் வந்தாலும் துள்ள வேண்டாம். பாறையைச் சூடாக்கிப் பார்க்கும் ராக்-எவால் சோதனையில் எஸ்2 உச்சி, அதாவது அதன் கரிமம் சிதைந்து வெளிவிடும் ஹைட்ரோகார்பன், கிராமுக்கு 12 மில்லிகிராம் என்றால், அதைக் கார்பன் சதவீதத்தால் வகுத்து நூறால் பெருக்கிய ஹைட்ரஜன் குறியீடு 400. எண்ணெய் தரக்கூடிய பாறை. அதே 3 சதவீதத்துக்கு எஸ்2 வெறும் 1 என்றால் குறியீடு 33. அந்தக் கார்பன் ஏற்கெனவே வெந்து தீர்ந்த கரியாகவோ, தொடக்கத்திலிருந்தே எதற்கும் உதவாத கட்டைக்கரியாகவோ இருக்கும்.