தேன்சிட்டை அழைக்கும் செடிகள்

அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழும் ஹம்மிங்பேர்டு பறந்தபடியே தேன் குடிக்கும். நம் ஊர்த் தேன்சிட்டோ பெரும்பாலும் கிளையில் அமர்ந்தே குடிப்பதால், குழல் வடிவப் பூக்களோடு அதன் எடையைத் தாங்கும் காம்பும் உள்ள செடிகளையே நாம் தேர்ந்தெடுக்க வேண்டும். இட்லிப்பூ, ஆடாதோடை, வாழை ஆகியவை ஏற்றவை. செம்பருத்தியில் அடுக்கு வகையைவிட ஐந்து இதழ்கள் கொண்ட ஒற்றை வகையே சிறந்தது. அந்தப் பூவின் அடிப்பகுதியைச் சிட்டு தன் வளைந்த அலகால் துளைத்துத் தேனை உறிஞ்சுவதைக் காலை வேளையில் அருகிலிருந்தே காணலாம். இடம் இருந்தால், இலையுதிர்த்தபின் செந்நிறமாகப் பூக்கும் கல்யாண முருங்கையை வேலியோரம் நடுங்கள். என் பார்வையில் அதற்கு இணையான மரம் இல்லை. பூச்சிக்கொல்லியை அறவே தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் குஞ்சுகளுக்குச் சிலந்தியும் சிறு பூச்சிகளுமே உணவு. தொங்கும் கூட்டைப் பிணைப்பதற்கும் சிலந்தி நூலே வேண்டும்.