வாயுவை மேலே விடுங்கள், எண்ணெய்க்கு நேரம் கொடுங்கள்: கார்பன் டை ஆக்சைடு முறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்ணீரைச் செலுத்தி எடுக்க முடிந்ததை எல்லாம் எடுத்த பிறகும் பாறையின் நுண்துளைகளில் ஏராளமான எண்ணெய் சிக்கிக்கொண்டிருக்கும். அதை மீட்க நம்பகமான வழி ஒன்று உண்டு. எண்ணெய்ப் படுகையின் உச்சியில் கார்பன் டை ஆக்சைடைச் செலுத்த வேண்டும். வாயு மேலே தொப்பிபோலத் தங்கி மெல்ல மெல்லக் கீழே விரியும். எண்ணெய் தன் எடையாலேயே வடிந்து, அடியில் கிடைமட்டமாகத் தோண்டிய கிணற்றுக்கு வந்து சேரும். எல்லா வேலையையும் செய்வது புவியீர்ப்புதான். நாம் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அதற்குக் குறுக்கே நிற்பவை.

முதல் தவறு அவசரம். மணல் நிரப்பிய கண்ணாடிப் பெட்டியில் எண்ணெயை ஊற்றி மேலிருந்து வாயுவை விட்டால் இது கண்ணுக்கே தெரியும். மெதுவாகச் செலுத்தும்வரை வாயுவுக்கும் எண்ணெய்க்கும் நடுவிலான கோடு மட்டமாகக் கீழிறங்கும். பம்பின் வேகத்தைக் கூட்டியதும் கோடு வளைந்து, வாயு விரல் விரலாக எண்ணெயைத் துளைத்துக்கொண்டு ஓடிவிடும். வாயுவின் பாகுத்தன்மை (ஓட்டத்தை எதிர்க்கும் குணம்) எண்ணெயினுடையதைவிட மிகக் குறைவு என்பதே காரணம். எந்த வேகத்தைத் தாண்டினால் இந்தச் சமநிலை குலையும் என்று கணக்கிடும் முறையை 1964இலேயே டுமோரே என்ற ஆய்வாளர் தந்துவிட்டார். அடர்த்தி வித்தியாசம், செங்குத்து ஊடுருவுதிறன் (பாறை மேலிருந்து கீழாகத் திரவத்தை எவ்வளவு எளிதாகக் கடக்க விடுகிறது என்பது), படுகையின் சரிவு மூன்றும் அந்தக் கணக்கில் வரும். இந்தக் கணக்கைப் போடாமல், விரைவில் உற்பத்தியைக் காட்ட வேண்டும் என்று செலுத்தும் அளவை ஏற்றுவதைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன்.

அடுத்தது, 'வாயுதானே, எப்படியும் லேசாகத்தான் இருக்கும்' என்ற நினைப்பு. 31 டிகிரி செல்சியஸ், 74 பார் அழுத்தம் ஆகிய இரண்டையும் தாண்டினால் கார்பன் டை ஆக்சைடு மீமாறுநிலைக்கு, அதாவது வாயு என்றோ திரவம் என்றோ பிரிக்க முடியாத நிலைக்கு, போய்விடும். ஆழத்தில் அதன் அடர்த்தி கன மீட்டருக்கு 600, 700 கிலோவைக்கூட எட்டலாம். லேசான எண்ணெயின் அடர்த்தியும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. வித்தியாசம் சுருங்கினால் மேலே எது, கீழே எது என்று பிரிக்க ஈர்ப்புக்கு வலுவிருக்காது. லூசியானாவின் வீக்ஸ் தீவில் நடந்த சோதனையில் செலுத்திய கார்பன் டை ஆக்சைடில் சிறிதளவு இயற்கை எரிவாயுவைக் கலந்ததே அடர்த்தியைக் குறைக்கத்தான்.

ஆனால் அதிலும் ஒரு சிக்கல். இயற்கை எரிவாயுவின் முக்கியப் பகுதியான மீத்தேன் கலந்தால், செலுத்தும் வாயு எண்ணெயோடு முழுமையாகக் கலக்கத் தேவையான குறைந்தபட்ச அழுத்தம் உயர்ந்துவிடும். நைட்ரஜன் கலந்தாலும் அப்படித்தான். உற்பத்திக் கிணற்றில் வெளிவரும் வாயுவை மறுபடியும் செலுத்தும்போது அதில் மீத்தேன் சேர்ந்தே வரும். எனவே தூய வாயுவை வைத்து ஆய்வகத்தில் கண்ட அழுத்த அளவையே கடைசிவரை நம்பியிருப்பது தவறு. செலுத்தும் கலவை மாறும்போதெல்லாம் மறுபடி சோதிக்க வேண்டும்.

கிடைமட்ட ஊடுருவுதிறன் நன்றாக இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். நடுவில் ஒரு மெல்லிய களிமண் அடுக்கு இருந்தால் போதும், வடிந்து வரும் எண்ணெய் அதன்மேலேயே தேங்கிவிடும்.

உபகரணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் கார்பன் டை ஆக்சைடு கார்பானிக் அமிலமாகி சாதாரண எஃகை அரித்துவிடும் என்பது பலருக்கும் தெரியும். கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்களைத்தான் மறந்துவிடுகிறார்கள். உயர் அழுத்தத்தில் வாயு ரப்பருக்குள் ஊறிவிடும். அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே இருக்கும் வாயு வெளியேற வழியின்றி விரிந்து, வளையம் கொப்புளித்து வெடித்துப் போகும். இதற்கென்றே தயாரித்த ரப்பரைப் போடுங்கள். அழுத்தத்தைப் படிப்படியாக இறக்குங்கள்.

கடைசியாக, அடிக்கிணற்றில் திடீரென வாயு வரத் தொடங்கினால் வால்வை இன்னும் திறந்து இழுக்கப் பார்ப்பது. இழுக்க இழுக்க வாயு கூம்புபோலக் கிணற்றை நோக்கி இறங்கும், எண்ணெய் ஒதுங்கிவிடும். உற்பத்தியைக் குறையுங்கள், தேவைப்பட்டால் கிணற்றைக் கொஞ்ச காலம் மூடி வையுங்கள். கூம்பு தளர்ந்து மேலேற, சுற்றியிருக்கும் எண்ணெய் மறுபடி கிணற்றைச் சுற்றிச் சேர இடம் கிடைக்கும்.