சமையலறையில் சின்னக் கரப்பானா? ஸ்ப்ரேயை வைத்துவிட்டு ஜெல்லை எடுங்கள்

போன வருடம் வீடு மாறும்போது மளிகைக் கடையில் அட்டைப்பெட்டி கேட்டு வாங்கி, அதில்தான் பாத்திரங்களைக் கட்டினோம். புது வீட்டுக்குப் போய் பத்து நாள்கூட ஆகியிருக்காது. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து விளக்கைப் போட்டால் சமையல் மேடையில் நாலைந்து கரப்பான்கள் ஓடின. இரண்டு மாதம் ஸ்ப்ரே அடித்தேன். அடித்த அன்று பத்து சாகும், அடுத்த வாரம் இருபது வரும். கடைசியில், கரப்பான் தின்று சாகும் ஜெல் மருந்துக்கு மாறி, ஏழு வாரத்தில் ஒழித்தோம். செய்ததை அப்படியே எழுதுகிறேன்.

1. எந்தக் கரப்பான் என்று பாருங்கள்

கட்டைவிரல் நீளம், செம்பழுப்பு நிறம், பாத்ரூம் பக்கம் நடமாட்டம் என்றால் அது சாக்கடைக் கரப்பான். தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்கு நெருக்கமான கண்ணுள்ள வலை மூடி போட்டு, குழாய் சுவருக்குள் போகும் ஓட்டையை வெள்ளை சிமெண்டால் அடைத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்தப் பதிவு அதைப் பற்றியது இல்லை.

ஒன்றரை சென்டிமீட்டருக்குள், வெளிர்பழுப்பு, தலைக்குப் பின்னால் இரண்டு கருப்புக் கோடு இருந்தால் அதுதான் வீட்டுக்குள்ளேயே குடும்பம் நடத்தும் ரகம். ஜெர்மன் கரப்பான் என்பார்கள். 1767-ல் உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸ் வைத்த பெயர் அது. ஆனால் 2024-ல் வந்த மரபணு ஆய்வின்படி, சுமார் 2,100 வருடங்களுக்கு முன்பு இந்தியா அல்லது மியான்மர் பக்கம் தோன்றி, பிறகு உலகம் முழுக்கப் பரவியது. ஆக, நம் பக்கத்துப் பூச்சிதான்.

பெண் கரப்பான் முப்பது, நாற்பது முட்டை அடங்கிய கூட்டை, பொரியும் நேரம் நெருங்கும் வரை வயிற்றின் நுனியிலேயே சுமந்துகொண்டு இடுக்கில் பதுங்கி இருக்கும். நாம் ஸ்ப்ரே அடிப்பது வெளியே ஓடுவதன் மேல். தாய் உள்ளே பத்திரமாக இருக்கும். போதாததற்கு ஸ்ப்ரே வாடைக்கு மற்றவை ஹாலுக்கும் படுக்கையறைக்கும் சிதறிவிடும்.

2. பதுங்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்புப் புள்ளிகள் எங்கே இருக்கிறதோ அதுதான் அவற்றின் வீடு. எங்களுக்கு அலமாரிக் கதவின் கீல், டிராயர் தண்டவாளம், ஃபிரிட்ஜ் மோட்டார் பக்கம், மிக்ஸியின் அடிப்பாகம் என நான்கு இடங்கள். சூடும் இருட்டும் சேர்ந்த இடமாகப் பார்த்து உட்காரும்.

அலமாரித் தட்டில் செய்தித்தாள் விரிக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் பாதிக் குஞ்சுகள் அந்தத் தாளுக்கு அடியில்தான் இருந்தன. அட்டைப்பெட்டிகளையும் வெளியேற்றுங்கள்.

3. சுத்தம், முக்கியமாகத் தண்ணீர்

சாப்பாடு இல்லாமல் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்கும். தண்ணீர் இல்லாமல் இரண்டு வாரம் தாண்டுவது கஷ்டம். அதனால் படுக்கும் முன் சிங்கைத் துடைத்துக் காயவிடுங்கள், ஈரத்துணியை மேடையில் விடாதீர்கள். அடுப்புக்கு அடியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுத்துவிடுங்கள். அது இருக்கும் வரை ஜெல்லை அவை ஏன் தேடி வர வேண்டும்?

4. ஜெல் வைப்பது

இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

ஃபிப்ரோனில் அல்லது இமிடாக்ளோப்ரிட் உள்ள கரப்பான் ஜெல், ஊசிக்குழல் வடிவத்தில் கிடைக்கும். கையுறை போட்டுக்கொண்டு மிளகு அளவுக்குச் சின்னச் சின்னப் பொட்டாக வையுங்கள். ஒரே இடத்தில் பெரிய உருண்டையாக வைப்பதைவிட இருபது இடத்தில் இருபது பொட்டு நல்லது. கீல் ஓரம், அலமாரியின் உள் மேல்மூலை, சிங்குக் குழாய் சுவரில் நுழையும் இடம் என அவை நடமாடும் வழியிலேயே இருக்க வேண்டும். பாத்திரம் படும் இடமும் குழந்தைக்கு எட்டும் இடமும் கூடாது.

தின்ற கரப்பான் உடனே சாகாது. பதுங்கும் இடத்துக்குப் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் செத்த உடலையும் குஞ்சுகள் தின்று அவையும் சாகும். ஸ்ப்ரே எட்டாத இடத்துக்கு மருந்தை அவையே கொண்டுபோகின்றன, அதுதான் இதன் பலம்.

முதல் மூன்று நாள் பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டு நிறைய வெளியே வரும். நான் பயந்துபோய் ஸ்ப்ரேயை எடுத்து அடித்துவிட்டேன். மருந்து வாடை ஜெல் மேல் படிந்ததும் ஒன்றுகூட அதன் பக்கம் வரவில்லை. முழுவதையும் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிட்டது. ஜெல் இருக்கும் வரை ஸ்ப்ரே வேண்டாம், அந்த இடத்தில் ஃபினைலும் வேண்டாம். வெளியே வருவதைத் தாளில் எடுத்துப் போட்டுவிடுங்கள், போதும்.

5. இரண்டாவது, மூன்றாவது சுற்று

முட்டைக்குள் இருப்பதற்கு ஜெல் எட்டாது. அது பொரிந்து வெளியே வரும்போது புது ஜெல் காத்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காய்ந்ததைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். ஆறு வாரமாவது தொடருங்கள். மூன்றாவது வாரத்தில் ஒன்றும் கண்ணில் படாததால் நிறுத்திவிட்டவர்கள்தான் "ஜெல் வேலை செய்யவில்லை" என்று சொல்கிறார்கள்.

குறைகிறதா என்று பார்க்க ஒட்டு அட்டை நல்லது. ஃபிரிட்ஜ் பின்னால் ஒன்று, சிங்குக்கு அடியில் ஒன்று. வாரம் ஒருமுறை எண்ணி, அட்டையின் மேலேயே எழுதுங்கள். எனக்கு முதல் வாரம் 31, ஐந்தாவது வாரம் 2.

மற்ற மருந்துகள்

கேரம் போர்டில் தூவும் போரிக் பவுடரும் கரப்பானைக் கொல்லும். ஃபிரிட்ஜ் பின்னால் ஈரமில்லாத இடத்தில், கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிசாகத் தூவ வேண்டும். குவியலாகக் கொட்டினால் சுற்றிப் போய்விடும். கோதுமை மாவும் சர்க்கரையும் போரிக்கும் பிசைந்த உருண்டை, தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். சாக்பீஸ் மருந்தும் அப்படித்தான்: குழந்தை அதை எழுதும் சாக்பீஸ் என்றே நினைக்கும். எதை வாங்கினாலும் பொட்டலத்தில் பதிவு எண்ணும் வண்ணக் குறியும் இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், வீட்டுக்குள் வேண்டாம்.

பின்னர் சேர்த்தது: "ஜெல்லைத் தொடவே இல்லை" என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். முதலில் ஸ்ப்ரே படிந்ததா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு நிறுவனத்தின் ஜெல்லுக்கு மாறுங்கள். சில ஜெர்மன் கரப்பான்கள் குளுக்கோஸையே ஒதுக்குகின்றன என்று அமெரிக்காவில் 1993-லேயே எழுதியிருக்கிறார்கள். அவற்றின் நாக்குக்கு அது கசக்கிறது என்று 2013-ல் கண்டுபிடித்தார்கள். ஜெல்லில் சேர்த்திருக்கும் இனிப்பு வகை மாறினால் தின்னக்கூடும்.

மறுபடியும் சேர்த்தது: ஜெல்லை எறும்பு மொய்க்கிறது என்றால் முதலில் எறும்பு வரும் ஓட்டையை அடையுங்கள். இல்லையென்றால் ஒரே ராத்திரியில் பொட்டு முழுக்கக் காலியாகிவிடும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் மேல்வீட்டிலும் கீழ்வீட்டிலும் பேசி, ஒரே வாரத்தில் எல்லோரும் வையுங்கள். குழாய் போகும் பொதுவழியாகத்தான் அவை வீடு மாறுகின்றன.

அப்புறம், பழைய ஃபிரிட்ஜோ மிக்ஸியோ வாங்கி வந்தால் உள்ளே கொண்டுவரும் முன் பால்கனியில் வைத்து, பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.