‘ஈதர்நெட்’ என்ற பெயரையே காணோம்: தொலைந்துபோன லேன் அடாப்டரைத் தேடும் வழி

கும்பகோணத்திலிருந்து சித்தப்பா போன் செய்தார். “கேபிள் செருகியிருக்கிறேன், மோடத்தில் பச்சை விளக்கு எரிகிறது, செல்போனில் வைஃபை வருகிறது. கம்ப்யூட்டரில் மட்டும் நெட் இல்லையப்பா.” செட்டிங்ஸைத் திறந்து நெட்வொர்க் பக்கத்துக்குப் போகச் சொன்னேன். வழக்கமாக அங்கே ‘ஈதர்நெட்’ என்று ஒரு வரி இருக்கும். “அப்படி ஒரு பெயரே இல்லையே” என்றார். அதற்குள் தெருமுனைக் கடைக்காரர் வந்து பார்த்து, விண்டோஸை அழித்துப் புதிதாக ஏற்றினால்தான் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தக் கம்ப்யூட்டரில் இருபது வருடக் குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன.

இந்தக் கோளாறுக்கு விண்டோஸை அழிக்க வேண்டிய தேவை மிக அரிதாகவே வரும். ‘ஈதர்நெட்’ என்று பெயர் காட்டுவது லேன் அடாப்டர், அதாவது கேபிள் வழியாக நெட்வொர்க்கோடு இணைக்கும் பாகம். அது காணாமல் போவதில் நான்கு வகைதான் உண்டு: யாரோ அதை அணைத்து வைத்திருக்கலாம், அதை விண்டோஸோடு பேசவைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் கெட்டிருக்கலாம் அல்லது இல்லாமலே இருக்கலாம், உயிரோடு இருந்தும் கம்ப்யூட்டரின் கண்ணில் படாமல் இருக்கலாம், அல்லது உண்மையிலேயே செத்துப் போயிருக்கலாம். எந்த வகை என்று தெரிந்துகொள்ளப் பத்து நிமிடம் போதும். கீழே உள்ளவை விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

உண்மையில் காணோமா?

கேபிள் கழன்றிருந்தாலோ, மோடம் அணைந்திருந்தாலோ, இணைய நிறுவனத்தின் பக்கம் கோளாறு இருந்தாலோ, ஈதர்நெட் என்ற பெயர் மறையாது. இணைப்பு இல்லை என்ற குறிப்போடு அங்கேயே நிற்கும். பெயரே இல்லை என்றால் சிக்கல் கம்ப்யூட்டருக்குள்தான். ஆகவே கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்ப்பதும், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து அரை மணி நேரம் இசை கேட்பதும் வீண் வேலை.

ஸ்டார்ட் பொத்தானின் மேல் மவுசின் வலது பக்கத்தை அழுத்துங்கள். வரும் பட்டியலில் ‘டிவைஸ் மேனேஜர்’ இருக்கும். அதைத் திறந்து, ‘நெட்வொர்க் அடாப்டர்ஸ்’ என்ற வரிக்கு முன்னால் இருக்கும் சிறு அம்புக்குறியைத் தட்டினால் பட்டியல் விரியும். ‘வான் மினிபோர்ட்’ என்று ஏழெட்டு வரிகள் வந்து மிரட்டும். அவை மென்பொருளில் மட்டுமே இருக்கும் பொய் அடாப்டர்கள், கண்டுகொள்ள வேண்டாம். ‘புளூடூத்’ என்று தொடங்குவதும் நமக்கு வேண்டாம். ‘வைஃபை’, ‘வயர்லெஸ்’, ‘802.11’ என்று எழுதியிருந்தால் அது கம்பியில்லா அடாப்டர். நாம் தேடுவது பெரும்பாலும் ‘ரியல்டெக்’ அல்லது ‘இன்டெல்’ என்று தொடங்கி, ‘ஈதர்நெட்’, ‘ஜிபிஇ’, ‘கிகாபிட்’ ஆகியவற்றில் ஒன்றைப் பெயரில் வைத்திருக்கும்.

பெயர் இருந்து, அதன் படத்தில் கீழ்நோக்கிய சின்ன அம்புக்குறி இருந்தால் அடாப்டர் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. வலது கிளிக் செய்து ‘எனேபிள் டிவைஸ்’ கொடுத்தால் வேலை முடிந்தது. வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை இருந்தால் யார் அணைத்தார்கள் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அது தனிக் கதை.

பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் தகராறு. பெயரின் மேல் இருமுறை தட்டினால் ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் ஒரு குறியீட்டு எண் இருக்கும். 28 என்றால் டிரைவரே இல்லை. 10 என்றால் சாதனத்தைத் தொடங்க முடியவில்லை. நெட்வொர்க் பட்டியலில் இல்லாமல், ‘அதர் டிவைசஸ்’ என்ற தலைப்பின்கீழ் ‘ஈதர்நெட் கண்ட்ரோலர்’ என்று அநாதையாக நின்றாலும் இதே நிலைதான்: சில்லு இருக்கிறது, அதோடு பேச விண்டோஸுக்கு மொழி தெரியவில்லை. புதிதாக விண்டோஸ் ஏற்றிய கம்ப்யூட்டரில் இதை அடிக்கடி பார்க்கலாம். குறிப்பாக 2.5 கிகாபிட் வேகச் சில்லு உள்ள மதர்போர்டில் பழைய விண்டோஸ் 10 பென்டிரைவால் ஏற்றினால் வரும். விண்டோஸை அழித்து ஏற்றினால் சரியாகும் என்ற கடைக்காரர் கணக்கு இங்கே அப்படியே தலைகீழாகிவிடும்.

எந்தப் பெயரும் இல்லையா? மேலே ‘வியூ’ பட்டியலில் ‘ஷோ ஹிட்டன் டிவைசஸ்’ என்பதைத் தட்டுங்கள். இப்போது ரியல்டெக்கோ இன்டெல்லோ மங்கலான படத்தோடு தெரிந்தால், உள்ளே 45 என்ற எண் இருக்கும். முன்பு இந்தச் சாதனத்தை விண்டோஸ் பார்த்திருக்கிறது, இப்போது பார்க்க முடியவில்லை என்று பொருள். சித்தப்பா கம்ப்யூட்டரில் இருந்தது இதுதான்.

மின்சாரத்தை முழுவதும் வடித்துவிடுங்கள்

கேட்கும்போது பாட்டி வைத்தியம்போல இருக்கும். ஆனால் மங்கலாகத் தெரிந்த அடாப்டருக்கும், எண் 10 காட்டும் அடாப்டருக்கும் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

ஷட்டவுன் கொடுத்த பிறகும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். லேன் கேபிள் செருகும் துளையின் ஓரத்தில் சின்ன விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பெட்டி அணைந்திருந்தாலும், பிளக் சொருகியிருக்கும் வரை உள்ளே இருக்கும் பவர் சப்ளை 5 வோல்ட் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதிக்காக லேன் சில்லு அந்த மின்சாரத்தில் அரைத்தூக்கத்தில் கிடக்கும். அது ஏதாவது ஒரு குழப்பமான நிலையில் சிக்கிக்கொண்டால், நீங்கள் எத்தனை முறை அணைத்துப் போட்டாலும் அதற்கு ஒன்றும் தெரியாது. போதாக்குறைக்கு விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்று ஒன்று உண்டு. அது இயங்கும்போது சாதாரண ஷட்டவுன் முழு ஷட்டவுன் இல்லை. டிரைவர்களின் நிலையைப் பத்திரமாக எழுதி வைத்து, மறுநாள் அப்படியே எடுத்து விரிக்கும். கோளாறும் சேர்ந்தே விரியும்.

ஆகவே ஷிப்ட் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட்டவுன் கொடுங்கள். அப்போது முழுவதும் அணையும். அணைந்ததும் சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்குங்கள். லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டரின் பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். சித்தப்பாவை நான் போனிலேயே எண்ணச் சொன்னேன். எட்டு எண்ணும்போது “முன்பக்க விளக்கு ஒரு முறை மின்னி அணைந்துவிட்டது, பயமாக இருக்கிறது” என்றார். மிச்சமிருந்த மின்சாரம் வடிகிறது, அவ்வளவுதான். ஐந்து நிமிடம் காப்பி குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பினேன்.

மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றுங்கள். பேட்டரியையும் கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு இதையே செய்யுங்கள். சில மாடல்களின் அடிப்பக்கத்தில் இதற்கென்றே ஓர் ஊசித் துளை இருக்கும்.

திரும்பவும் பிளக்கைச் செருகி இயக்கியபோது சித்தப்பா வீட்டில் ‘ஈதர்நெட்’ என்ற பெயர் வந்து நின்றது. எல்லோருக்கும் இத்தனை எளிதில் முடியாது என்பதால் மேலே போவோம்.

பயாஸில் ஒரு பார்வை

விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே மதர்போர்டில் இயங்கும் அமைப்புதான் பயாஸ். லேன் துளையை அங்கேயே அணைத்து வைக்க முடியும். அப்படி அணைந்திருந்தால் விண்டோஸில் தலைகீழாக நின்றாலும் அடாப்டர் தெரியாது.

கம்ப்யூட்டரை இயக்கியவுடன் ஒரு விசையைத் தொடர்ந்து தட்ட வேண்டும். டெல் என்றால் எஃப்2, எச்பி என்றால் எஃப்10, லெனோவோ என்றால் எஃப்1 அல்லது எஃப்2. கடையில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டரில் பெரும்பாலும் டெலீட் விசை. உள்ளே போனதும் ‘ஆன்போர்டு லேன்’, ‘லேன் கண்ட்ரோலர்’, ‘இன்டகிரேட்டட் என்ஐசி’ என்ற மூன்றில் ஏதோ ஒன்று இருக்கும். ‘அட்வான்ஸ்டு’ அல்லது ‘டிவைசஸ்’ பக்கத்தில் தேடுங்கள். அது ‘டிசேபிள்டு’ என்று இருந்தால் ‘எனேபிள்டு’ ஆக்கிச் சேமித்து வெளியே வாருங்கள். அதே பக்கத்தில் ‘நெட்வொர்க் ஸ்டாக்’, ‘பிஎக்ஸ்இ’ என்ற சொற்களும் இருக்கலாம். அவை நெட்வொர்க் வழியாகவே விண்டோஸை ஏற்றும் அலுவலகங்களுக்கானவை, தொட வேண்டாம். ஏற்கெனவே ‘எனேபிள்டு’ என்று இருந்தால், ஒரு முறை அணைத்துச் சேமித்து, மறுபடி உள்ளே வந்து இயக்கிப் பாருங்கள். எனக்கு இது இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

டிரைவரை ஏற்றுவது, அதுவும் இணையம் இல்லாமல்

முதலில் இருக்கும் டிரைவரைப் பெயர்த்து நடுவோம். டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரின் மேல் வலது கிளிக், ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’. டிரைவரையும் சேர்த்து நீக்கட்டுமா என்று ஒரு கட்டம் கேட்கும். இந்த முறை அதில் டிக் போடாதீர்கள். நீக்கிய பிறகு ‘ஆக்‌ஷன்’ பட்டியலில் ‘ஸ்கேன் ஃபார் ஹார்டுவேர் சேஞ்சஸ்’ தட்டுங்கள், அல்லது ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் அடாப்டரைப் புதிதாகக் கண்டதுபோல மறுபடி பதிவு செய்துகொள்ளும். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாளே கோளாறு தொடங்கியது என்றால், ‘பிராப்பர்ட்டீஸ்’ பெட்டியின் ‘டிரைவர்’ பக்கத்தில் ‘ரோல் பேக் டிரைவர்’ பொத்தான் அழுத்தும் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழைய டிரைவருக்குத் திரும்பிவிடலாம்.

இவை பலிக்காவிட்டால் புதிய டிரைவர் வேண்டும். இணையமே இல்லையே, எப்படி இறக்குவது என்று பலர் இங்கேதான் திகைத்து நிற்கிறார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலையும் கதை. ஆண்ட்ராய்டு செல்போனை சார்ஜர் கேபிளால் கம்ப்யூட்டரில் இணைத்து, போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கத்தில் ‘யூஎஸ்பி டெதரிங்’ என்பதை இயக்குங்கள். சில விநாடிகளில் போனே ஒரு நெட்வொர்க் அடாப்டராகக் கம்ப்யூட்டரில் தோன்றும். பொதுவாக இதற்குத் தனி டிரைவர் தேவைப்படாது. செலவாவது போனின் டேட்டா என்பதால், போனில் வைஃபையை இணைத்து வைத்துக்கொண்டால் பல போன்களில் வீட்டு இணையமே அதன் வழியாக வரும்.

இனி எந்த டிரைவர் என்று பார்க்க வேண்டும். அடாப்டரின் ‘பிராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் ‘டீடெயில்ஸ்’ பக்கம் போய், பட்டியலில் ‘ஹார்டுவேர் ஐடீஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். நீளமான ஒரு வரி வரும். அதன் தொடக்கத்தில் 8086 என்று இருந்தால் சில்லு இன்டெல்லுடையது. 1978ல் அந்த நிறுவனம் வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் எண்ணையே அடையாளமாக வைத்திருக்கிறார்கள். ‘10இசி’ என்ற எழுத்துகள் இருந்தால் ரியல்டெக். பிராண்டட் கம்ப்யூட்டர் என்றால் அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து லேன் டிரைவரை இறக்குங்கள். சேர்த்து வாங்கியது என்றால், ஸ்டார்ட் தேடலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ திறந்து ‘பேஸ்போர்டு’ வரிகளில் மதர்போர்டின் பெயரைப் பார்த்து, அதன் நிறுவனத் தளத்துக்குப் போங்கள். உங்கள் டிரைவர்களை எல்லாம் ஒரே சொடுக்கில் சரிசெய்கிறேன் என்று விளம்பரத்தில் வரும் மென்பொருள்களின் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். புது டிரைவர் கைக்கு வந்த பிறகு, முன்பு தவிர்த்த அந்தக் கட்டத்தில் டிக் போட்டுப் பழையதை அடியோடு நீக்கிவிட்டு, இதை ஏற்றுங்கள்.

செட்டிங்ஸில் ‘நெட்வொர்க் ரீசெட்’ என்று ஒன்று இருக்கிறது. எல்லா அடாப்டர்களையும் நீக்கி மறுபடி ஏற்றும். வைஃபை கடவுச்சொற்களையும் மறந்துவிடும் என்பதால் நான் கடைசியில்தான் தொடுவேன்.

இன்னும் வரவில்லை என்றால்

அடாப்டர் செத்துவிட்டதா என்று உறுதி செய்ய ஓர் எளிய வழி, விண்டோஸைத் தாண்டிப் பார்ப்பது. 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென்டிரைவில் உபுண்டுவை ஏற்றி, அதிலிருந்து கம்ப்யூட்டரை இயக்கி, நிறுவாமல் முயன்று பார்க்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள். கம்ப்யூட்டரில் உள்ள எதையும் அது தொடாது. அங்கே கேபிள் செருகியவுடன் இணையம் வந்தால் சில்லு நலம், விண்டோஸில்தான் கோளாறு. அங்கேயும் இல்லை, பயாஸில் இயக்கியும் இல்லை, துளையின் விளக்குகளும் எரியவில்லை என்றால் காரியம் முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அதற்காக மதர்போர்டை மாற்ற வேண்டாம். யூஎஸ்பியில் செருகும் லேன் அடாப்டர் வாங்கினால் போதும். யூஎஸ்பி 3 வகையாகப் பார்த்து வாங்கி, அந்த வகைத் துளையிலேயே செருகுங்கள். யூஎஸ்பி 2 துளையின் உச்ச வேகமே நொடிக்கு 480 மெகாபிட்தான், கிகாபிட் இணைப்பு அதில் மூச்சுத் திணறும்.

என் வீட்டு லேன் துளை ஓர் ஐப்பசி இரவில், பக்கத்துத் தென்னையில் இடி விழுந்தபோது போனது. ஃபைபர் இணைப்புக்கு இடி பயமில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்பது சரிதான். ஆனால் அந்த மோடத்துக்கு மின்சாரம் கொடுக்கும் சார்ஜரும், மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் லேன் கேபிளும் செம்பு. இதைச் சொன்ன நாளிலிருந்து சித்தப்பா, வானம் இருட்டினாலே பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றி ஜன்னல் கம்பியில் சுற்றி வைத்துவிடுகிறார். மறுநாள் காலையில் அதை மறந்துவிட்டு, நெட் வரவில்லை என்று எனக்குப் போன் செய்கிறார்.