பட்டிங் பயிற்சியும் ஆட்டக் குறிப்பேடும்

பார் 72 கொண்ட, அதாவது 18 குழிகளையும் 72 அடிகளில் முடிக்கலாம் எனக் கணக்கிடப்பட்ட கோல்ஃப் மைதானத்தில், குழிக்கு இரண்டு பட் (குழியைச் சுற்றியுள்ள குறும்புல் பரப்பான கிரீனில் பந்தை உருட்டும் அடி) என்ற கணக்கில் 36 அடிகள் பட்டிங்கிற்கே உரியவை. ஆயினும் பொழுதுபோக்காக ஆடுவோர் பலர் பயிற்சி நேரத்தின் பெரும்பகுதியை தொலைதூர அடிக்கான மட்டையான டிரைவரைச் சுழற்றுவதிலேயே செலவிடுகின்றனர். அதில் இன்பம் அதிகம் என்பதை மறுப்பதற்கில்லை.

குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர்தான். தொலைவிலிருந்து உருட்டும்போது, திசைப் பிழையைவிட வேகப் பிழையே பெரும்பாலும் மூன்றாவது பட்டுக்கு இட்டுச் செல்கிறது. ஆகவே 30 அடித் தொலைவிலிருந்து, பந்து குழியைச் சுற்றி 3 அடிக்குள் நிற்பதையே இலக்காகக் கொண்டு பழகுங்கள். ஆட்டத்தில் ஒரே பட் அடியை இருமுறை அடிக்க வாய்ப்பதில்லை என்பதால், ஒவ்வொரு முறையும் தொலைவை மாற்றுங்கள். குறுகிய பட்டுகளுக்கு, பட்டிங் மட்டையான பட்டரின் தலை நுழையும் அளவு இடைவெளி விட்டு இரண்டு டீக்களை (பந்தைத் தாங்கும் சிறு முளைகளை) ஊன்றி, அவற்றைத் தொடாமல் அடித்துப் பழகினால் போதும்.

ஆட்டம் முடிந்த அன்றே, ஒவ்வொரு குழியிலும் முதல் பட்டின் தொலைவு என்ன, பந்து குழிக்கு முன்னே நின்றதா, கடந்து ஓடியதா என்பதைக் குறித்து வையுங்கள். பட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். கிரீனைத் தவறவிட்டு, சிப் எனும் குறுகிய தூக்கு அடியால் பந்தைக் குழியருகே சேர்ப்பவருக்கும் அது குறைவாகவே வரும். சில ஆட்டங்களின் குறிப்புகளில் திரும்பத் திரும்பத் தென்படும் தொலைவையே அடுத்த வாரப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.