கருமருந்து ரிவால்வர் வாங்கும் முன் அமெரிக்கச் சட்டத்தைப் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் 1851 கோல்ட் நேவி என்ற பழைய கருமருந்து (பழைய வகை வெடிமருந்துத் தூள்) ரிவால்வரின் மாதிரியில் புதிதாகச் செய்த நகலை இணையத்தில் ஆர்டர் செய்தால், பல மாநிலங்களில் அது நேராக வீட்டு வாசலுக்கே வந்துவிடும். "இது சட்டப்படி துப்பாக்கியே இல்லை" என்று விற்பவரும் சொல்வார். அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி தெரியாமல் வழக்கில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

படி 1: துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

உருளையில் ஆறு அறைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் முன்பக்கமாகக் கருமருந்தைக் கொட்டி, ஈயக்குண்டை வைத்து, குழலுக்கு அடியில் உள்ள நெம்புகோலால் கெட்டிக்க வேண்டும். பின்பக்கம் ஆறு சின்னக் காம்புகள். அவற்றின் மேல் செம்பில் செய்த குட்டித் தொப்பி போன்ற கேப்பைச் செருகுவார்கள். நம் ஊர் பொட்டு வெடி போலத்தான், அடி பட்டதும் தீப்பொறி கிளம்பும். மருந்து, குண்டு, கேப் எல்லாம் தனித்தனி. மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கிய தோட்டாவை இது சுடாது. சட்டம் முழுக்க இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது.

படி 2: கூட்டாட்சிச் சட்டம்

1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1898-லோ அதற்கு முன்போ தயாரான துப்பாக்கிகளைப் 'பழங்காலத் துப்பாக்கி' என்று தனியே ஒதுக்குகிறது. வழக்கமான தோட்டாவைச் சுடாத நகல்களுக்கும் அதே சலுகை உண்டு. அதனால் கூட்டாட்சி அளவில் உரிமம் பெற்ற வியாபாரி மூலம் வாங்க வேண்டியதில்லை, பின்னணிச் சோதனையும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. தோட்டா போடும்படியான மாற்று உருளைகள் கடையில் கிடைக்கின்றன. அதை உங்கள் நகல் ரிவால்வரில் மாட்டிவிட்டால் பழங்காலச் சலுகை போய்விடும். அதன்பின் அது சாதாரணக் கைத்துப்பாக்கிதான். ஆசைக்கு ஒரு தடவை மாட்டிப் பார்க்கிறேன் என்று தயவுசெய்து இறங்காதீர்கள்.

படி 3: உங்கள் மாநிலத்தின் வரையறை

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். மாநிலக் குற்றவியல் சட்டத்தில் 'துப்பாக்கி' என்ற சொல்லுக்கு என்ன வரையறை இருக்கிறது என்று தேடுங்கள். பழங்காலத் துப்பாக்கிக்கு விலக்கு உண்டா, அந்த விலக்கில் நகலும் அடங்குமா என்று பாருங்கள்.

டெக்சாஸில் 1899-க்கு முந்தையவையும் தோட்டா சுடாத நகல்களும் வரையறைக்கு வெளியே. நியூ ஜெர்சியில் கதையே வேறு: கருமருந்து கைத்துப்பாக்கிக்கும் கைத்துப்பாக்கி வாங்கும் அனுமதிச்சீட்டு வேண்டும். இல்லினாய்ஸில் துப்பாக்கி உரிமையாளர் அட்டை கேட்பார்கள். நியூயார்க்கில் மருந்து ஏற்றாத வரைதான் அது பழம்பொருள். மருந்து, குண்டு, கேப் மூன்றையும் துப்பாக்கியோடு சேர்த்து வைத்திருந்தாலே அதை ஏற்றிய ஆயுதமாகக் கொள்ள முடியும். அப்போது உரிமம் இல்லாவிட்டால் குற்றம்.

பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற கூட்டாட்சித் தடை பழங்காலத் துப்பாக்கிகளையும் தோட்டா சுடாத நகல்களையும் தொடாது. ஆனால் அதே ஆளை மாநிலத் தடை பிடித்துக்கொள்ளலாம். அப்படி ஒரு வழக்கு உங்கள் பெயரில் இருந்தால் வழக்கறிஞரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

படி 4: மருந்தும் பயணமும்

பழங்காலத் துப்பாக்கிக்காக 50 பவுண்டு வரை கருமருந்து வாங்க கூட்டாட்சி அனுமதி தேவையில்லை. மாநில, நகரத் தீயணைப்பு விதிகள் இதைவிடக் குறைவாக வைத்திருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் கருமருந்தும் கேப்பும் கைப்பையிலும் போகாது, சரக்குப் பெட்டியிலும் போகாது. துப்பாக்கியை மட்டும் காலியாக, பூட்டிய கெட்டிப் பெட்டியில் வைத்து, விமான நிறுவனத்திடம் சொல்லி ஏற்றலாம். மருந்தைப் போகிற ஊரில் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் கிளம்பும் முன்பே அந்த மாநிலத்துக்கும், வழியில் இறங்கி மாறும் மாநிலத்துக்கும் மூன்றாம் படியை ஒரு தடவை செய்துவிடுங்கள்.