பள்ளி மூடல் பட்டியலில் உங்கள் தெருப் பள்ளியா? எதிர்க்கும் பெற்றோர் சறுக்கும் இடங்கள்

2024 இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் மூன்று நகரங்கள் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பள்ளி மூடல் பற்றிப் பேசின. சியாட்டில் 17 அல்லது 21 தொடக்கப் பள்ளிகளை மூடலாம் என்றது. எதிர்ப்பு வலுத்ததும் அது நான்காகச் சுருங்கி, நவம்பர் கடைசியில் முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் மூடல், இணைப்புப் பட்டியலில் 13 பள்ளிகளின் பெயர் வெளியானது. இரண்டு வாரத்துக்குள் சூப்பரின்டெண்டெண்ட் (பள்ளி நிர்வாகத்தின் தலைமை அதிகாரி) மேட் வெய்ன் பதவி விலகினார், திட்டமும் நின்றுபோனது. டென்வரில் அதே நவம்பரில் பள்ளி போர்டு (ஊர்ப் பள்ளிகளை ஆளும் குழு) வாக்களித்து 7 பள்ளிகளை மூடியது.

மூன்று இடத்திலும் பெற்றோர் கோபமாகத்தான் இருந்தார்கள். கோபம் மட்டும் முடிவை மாற்றுவதில்லை. பிள்ளைகள் எண்ணிக்கை குறைவது உண்மை. அமெரிக்காவில் பிறப்பு 2007இல் 43 லட்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. கொரோனா காலத்தில் பள்ளிகளுக்குக் கிடைத்த சுமார் 19,000 கோடி டாலர் மத்திய நிதியின் கடைசித் தவணையைச் செலவுக்கு ஒதுக்க 2024 செப்டம்பர் கெடு. ஆகவே “பற்றாக்குறையே பொய்” என்று தொடங்குகிறவர் பேச்சை போர்டு அந்த இடத்திலேயே கேட்பதை நிறுத்திவிடும். பற்றாக்குறை இருக்கட்டும், இந்தப் பள்ளியை மூடினால் அது எவ்வளவு குறையும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்விக்கு வந்து சேராமல் பெற்றோர் எங்கெங்கே வழி தவறுகிறார்கள் என்று பார்க்கலாம்.

மனுவைத் தவறான வாசலில் கொடுப்பது

டிஸ்ட்ரிக்ட் என்றதும் நம்மவர்களுக்கு மாவட்டம், கலெக்டர், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் என்று மனம் ஓடும். அமெரிக்காவில் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் பெரும்பாலும் நகராட்சியோடு சேராத தனி அரசு. அதற்கென்று வரி, எல்லை, தேர்ந்தெடுக்கப்பட்ட போர்டு எல்லாம் உண்டு. சியாட்டில் மேயருக்கு எத்தனை மனு போட்டாலும் பள்ளி மூடலில் அவருக்கு ஓட்டு கிடையாது.

எல்லா ஊரும் அப்படி இல்லை என்பதுதான் சிக்கல். பிலடெல்பியாவில் போர்டை மேயர் நியமிக்கிறார். சிகாகோவிலும் நெடுங்காலம் அப்படித்தான். 2025 ஜனவரியில்தான் 21 பேர் கொண்ட, பாதி தேர்வும் பாதி நியமனமுமான போர்டு வந்தது. ஹூஸ்டனில் 2023இல் மாநிலமே பொறுப்பை எடுத்துக்கொண்டு ஆட்களை நியமித்தது. முதல் வேலை, உங்கள் போர்டை யார் நியமிக்கிறார்கள், எத்தனை பேர், பெரும்பான்மைக்கு எத்தனை ஓட்டு என்று எழுதி வைப்பது. ஏழு பேர் போர்டென்றால் நான்கு. உறுதியாக எதிர்ப்பவர், உறுதியாக ஆதரிப்பவர் இருவரையும் விட்டுவிட்டு, நடுவில் ஊசலாடும் இரண்டு மூன்று பேரிடம் நேரத்தைச் செலவிட வேண்டும்.

சூப்பரின்டெண்டெண்ட் திட்டம் போடுகிறவர், போர்டு வாக்களிக்கிறவர். விமர்சனத்தை முழுக்க சூப்பரின்டெண்டெண்ட் மேல் கொட்டினால் போர்டு உறுப்பினர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வார்கள். சொந்தப் பள்ளியின் தலைமையாசிரியரைத் திட்டுவது அதைவிட வீண். அவர் டிஸ்ட்ரிக்டின் ஊழியர்; பொதுவில் வாய் திறக்க முடியாது, பட்டியலைப் போட்டவரும் அவர் அல்ல.

“பாதிக் கட்டடம் காலி” என்ற கணக்கை அப்படியே ஏற்பது

எதிர்ப்பு அதிகமாகத் தோற்கும் இடம் இதுதான். ஒரு பள்ளி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பது அளந்து எடுத்த எண் அல்ல, ஒரு சூத்திரத்தின் விடை. சூத்திரத்தை எழுதுகிறவர் கையில் விடையும் இருக்கிறது.

2013 மே 22 அன்று சிகாகோ போர்டு ஒரே கூட்டத்தில் 50 பள்ளிகளை மூட வாக்களித்தது. அதற்கு ஆதாரமாகக் காட்டிய கணக்கு இப்படி: கட்டடத்தின் வகுப்பறைகளில் சுமார் 77 சதவீதத்தைப் பொதுவகுப்பாக எடுத்துக்கொள், ஒவ்வொன்றிலும் 30 பிள்ளைகள் என்று பெருக்கு, வரும் எண்ணில் 80 சதவீதத்துக்குக் கீழே சேர்க்கை இருந்தால் அந்தப் பள்ளி காலியாகக் கிடக்கிறது.

போட்டுப் பாருங்கள். 26 அறை உள்ள பள்ளிக்கு 20 பொதுவகுப்பு, கொள்ளளவு 600. படிப்பது 420 பேர் என்றால் 70 சதவீதம், பட்டியலில் சேர்ந்துவிடும். ஆனால் அந்த 20 அறையில் ஐந்து, சிறப்புக் கல்வி வகுப்புகள் என்று வையுங்கள். அவற்றில் அறைக்குப் பத்துப் பிள்ளைகளைத்தான் வைக்க முடியும். ஐந்து அறையில் 50 பேர் போக, மீதி 370 பேர் 15 அறையில். அறைக்குக் கிட்டத்தட்ட 25. ஓர் அறைகூடச் சும்மா இல்லை. ஆனாலும் தாளில் முப்பது சதவீதம் காலி!

எனவே “எங்கள் பள்ளி நிரம்பியிருக்கிறது” என்று சொல்லிவிட்டு உட்காரக் கூடாது. அறை எண் வாரியாக ஒரு அட்டவணை தயாரியுங்கள்: எந்த அறை, எதற்குப் பயன்படுகிறது, எத்தனை பேர். சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி, ஆங்கிலம் கற்கும் பிள்ளைகளுக்கான அறை, பாலர் வகுப்பு, மாலைநேரக் காப்பகம் எல்லாம் வரவேண்டும். டிஸ்ட்ரிக்டின் கணக்குத்தாளை அதன் பக்கத்தில் வைத்து எங்கே வேறுபடுகிறது என்று காட்டினால் அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இதே அட்டவணையைப் பிள்ளைகளை ஏற்கப்போகும் பள்ளிக்கும் போடுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அங்கே சாப்பாட்டுக்கூடம் எத்தனை பேர் கொள்ளும், மூன்று சுற்றில் முடிகிற மதிய உணவு ஐந்து சுற்றாகுமா, சக்கர நாற்காலி நுழையும் கழிவறை எத்தனை என்ற கேள்விகளுக்கு மூடல் திட்டங்களில் பெரும்பாலும் பதில் இருக்காது.

பணத்தை ஒரே பையில் போட்டுப் பேசுவது

“அங்கே கோடிக்கணக்கில் புதுக் கட்டடம் கட்டுகிறார்கள், இங்கே பள்ளியை மூடுகிறார்கள்.” கைதட்டல் விழும். ஆனால் கட்டட நிதி வேறு, நடப்புச் செலவு நிதி வேறு. கலிபோர்னியாவில் 55 சதவீத ஓட்டில் நிறைவேறும் பள்ளிப் பாண்டு (கட்டடத்துக்கான கடன் பத்திரம்) பணத்தில் ஆசிரியர் சம்பளம் கொடுக்கச் சட்டமே தடை. நிதி அதிகாரி இதை முப்பது நொடியில் சொல்லிவிடுவார். அதோடு நீங்கள் சொன்ன மற்ற நியாயங்களும் எடுபடாமல் போகும்.

கேட்க வேண்டியது நிகரச் சேமிப்பு. டிஸ்ட்ரிக்டுகளின் நடப்புச் செலவில் கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு பங்கு சம்பளமும் சலுகைகளும். ஆசிரியர்கள் பிள்ளைகளோடு அடுத்த பள்ளிக்குப் போய்விடுவதால், மூடலில் மிச்சமாகும் செலவு தலைமையாசிரியர், அலுவலகப் பணியாளர், நூலகர், துப்புரவாளர் என்று சில பணியிடங்களும் மின்சார, வெந்நீர்ச் செலவும்தான். சியாட்டில் நான்கு பள்ளிகளை மூடினால் கிடைக்கும் என்று சொன்னது 27 லட்சம் டாலர். அடைக்க வேண்டிய பற்றாக்குறை 9 கோடி 40 லட்சம். மூன்று சதவீதம்கூட இல்லை. பியூ அறக்கட்டளை 2011இல் ஆறு நகரங்களின் மூடல்களைப் பார்த்தபோதும் ஒரு பள்ளிக்கு ஆண்டுச் சேமிப்பு பத்து லட்சம் டாலருக்குக் கீழேயே நின்றது.

அதிலிருந்தும் கழிக்க வேண்டியவை உண்டு: புது பஸ் தடங்கள், சாமான் ஏற்றிப்போகும் செலவு, காலிக் கட்டடத்துக்குக் காவலும் காப்பீடும், கோபித்துக்கொண்டு வேறு இடம் போகும் குடும்பங்களோடு போகும் மாநில நிதி. இந்தக் கடைசிக் கணக்கைப் பெரும்பாலான திட்டங்கள் பூச்சியமாகவே போட்டிருக்கும். “எத்தனை குடும்பம் போகும் என்று கணக்கிட்டீர்கள்?” என்று எழுத்தில் கேளுங்கள்.

“தலைமை அலுவலகத்தைக் குறைத்தால் போதும்” என்பதும் பழைய பல்லவி. சொல்லலாம், எந்தப் பணியிடங்கள், எவ்வளவு டாலர் என்று பட்ஜெட் பக்க எண்ணோடு சொல்ல முடிந்தால்.

பிள்ளைகளை நிறுத்திவைப்பது

ஒருநாள் புறக்கணிப்பு செய்தித் தலைப்பாகும். ஆனால் கலிபோர்னியாவிலும் டெக்சாசிலும் மாநில நிதி சராசரி அன்றாட வருகையைப் பொறுத்தது. பிள்ளை வராத நாளுக்குப் பணமும் வராது. பற்றாக்குறையை எதிர்த்துப் போராடப் போய் பற்றாக்குறையைப் பெருக்குவானேன்? பட்டியலில் பெயரைப் பார்த்ததும் வேறு பள்ளிக்கு விண்ணப்பிப்பதும் அதே கதைதான். அடுத்த எண்ணிக்கையில் சேர்க்கை விழும். “பாருங்கள், நாங்கள் சொன்னோமே” என்பார்கள்.

நாள்காட்டியைப் பார்க்காமல் இருப்பது

போராட்டம் சூடுபிடிக்கும்போது பாதிக் கெடு முடிந்திருக்கும். வாஷிங்டன் மாநிலச் சட்டப்படி, இறுதி முடிவுக்கு முந்தைய 90 நாளுக்குள் மூடப்படவிருக்கும் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனியாகப் பொது விசாரணை நடத்த வேண்டும். மூடலின் விளைவுகளை எழுத்தில் ஆராய்ந்திருக்க வேண்டும். போர்டு முடிவை எதிர்த்து நீதிமன்றம் போக அங்கே 30 நாள்தான். இன, மொழிப் பாகுபாடு என்று மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் செய்ய 180 நாள். கலிபோர்னியாவில் வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணிநேரம் முன்பே ஒட்ட வேண்டும், சிறப்புக் கூட்டமென்றால் 24 மணிநேரம். வெள்ளி மாலை நிரல், திங்கள் மாலை ஓட்டு என்று வருவது அபூர்வமல்ல.

பொது ஆவணக் கோரிக்கையை வதந்தி வந்த வாரமே போட்டுவிட வேண்டும். கலிபோர்னியாவில் ஆவணம் தருவார்களா என்று முடிவு சொல்லவே பத்து நாள், அதற்கு மேல் 14 நாள் நீட்டிப்பும் உண்டு. “மூடல் தொடர்பான எல்லா ஆவணங்களும்” என்று கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். கொள்ளளவுக் கணக்குத்தாள், சேமிப்பு மதிப்பீட்டின் விரிதாள், பஸ் செலவு மதிப்பீடு, கட்டட நிலை அறிக்கை, எல்லைக்குள் வசித்தும் வேறு பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் எண்ணிக்கை என்று பெயர் சொல்லித் தனித்தனிக் கோரிக்கையாகக் கேளுங்கள்.

பேச்சும் மின்னஞ்சலும்

பொதுக் கருத்துக்கு ஆளுக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான். முப்பது பேர் வரிசையில் வந்து “இது வெறும் பள்ளியல்ல, குடும்பம்” என்று முப்பது முறை சொல்வது எதிராளிக்குச் சௌகரியம். ஆளுக்கு ஒரு பொருளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் அறைக்கணக்கு, ஒருவர் நடந்துபோகும் வழியில் உள்ள சாலைக் கடப்பு, ஒருவர் சிறப்புக் கல்வி. ஒவ்வொருவரும் ஒரு கேள்வியோடு முடியுங்கள். உலகமெங்கும் இருந்து வந்த பத்தாயிரம் இணையக் கையெழுத்தைவிட, பள்ளி எல்லைக்குள் வசிக்கும் 300 பேரின் முகவரியோடு கூடிய தாள் கனமானது.

போர்டு உறுப்பினர் எல்லோரையும் ஒரே மின்னஞ்சலில் சேர்த்துப் பதில் கேட்பவர்கள் பதில் வராமல் புலம்புவார்கள். பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒரே இழையில் விவாதித்தால் அது சட்டத்துக்குப் புறம்பான கூட்டமாகிவிடும் என்பதால் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள். தனித்தனியாக எழுதுங்கள். நீங்கள் அனுப்புவதும் பொது ஆவணம் என்பதால் பிள்ளையின் மருத்துவ விவரத்தை அதில் கொட்டாதீர்கள்.

இன்னொன்று, “எங்களை விடுங்கள், அடுத்த தெருப் பள்ளியை மூடுங்கள்” என்ற வாதம். இதைத்தான் பட்டியல் போட்டவர் எதிர்பார்க்கிறார். சிகாகோவில் மூடப்பட்ட பள்ளிகளில் படித்தவர்களில் சுமார் 88 சதவீதம் கறுப்பினப் பிள்ளைகள். மீட்டிங்குக்கு வர நேரமும் வசதியும் உள்ள பெற்றோர் தங்கள் பள்ளியை மட்டும் காப்பாற்றிக்கொண்டால் சுமை யார் தலையில் போய் விழும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

விசாவில் இருப்பவர்களுக்கு

பே ஏரியா (சான் பிரான்சிஸ்கோ வட்டாரம்), சியாட்டில், டெக்சாஸ் தமிழ்க் குடும்பங்களில் பலர் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறார்கள். போர்டு கூட்டத்தில் பேசக் குடியுரிமை தேவையில்லை, ஆவணம் கேட்கவும் தேவையில்லை. ஆனால் மூடலை எதிர்க்கும் போர்டு வேட்பாளருக்கு ஐம்பது டாலர் நன்கொடை கொடுப்பது கூடாது. கிரீன் கார்டோ குடியுரிமையோ இல்லாதவர் உள்ளாட்சித் தேர்தலுக்குக்கூடப் பணம் தர மத்தியச் சட்டம் தடைசெய்கிறது. கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை தரலாம், பொதுவாக ஓட்டுப் போடக் கூடாது. சான் பிரான்சிஸ்கோவில் குடியுரிமை இல்லாத பெற்றோரும் போர்டு தேர்தலில் ஓட்டுப் போட வழி இருக்கிறது. குடிவரவு வழக்கறிஞரைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள்.

போர்டு ஓட்டுப் போட்டதும் கலைந்துவிடுவது

சூப்பரின்டெண்டெண்ட் போய்விட்டால் திட்டமும் போய்விடும் என்று நம்பிக் கலைகிறவர்கள் உண்டு. பற்றாக்குறை அங்கேயேதான் இருக்கும், புதியவர் வேறு பட்டியலோடு வருவார். போர்டு உறுப்பினர்களையே திரும்ப அழைக்கலாமா (பதவிக்காலம் முடியுமுன் வாக்கெடுப்பில் நீக்கலாமா) என்பது மாநிலத்தைப் பொறுத்தது. கலிபோர்னியாவில் காரணத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. 2022 பிப்ரவரியில் சான் பிரான்சிஸ்கோ வாக்காளர்கள் மூன்று உறுப்பினரை நீக்கினார்கள். வாஷிங்டனிலோ முறைகேடு அல்லது பதவிப்பிரமாண மீறல் என்ற குற்றச்சாட்டை நீதிபதி ஏற்றால்தான் கையெழுத்து வேட்டையே தொடங்க முடியும்.

ஓக்லாந்தில் 2022 பிப்ரவரியில் போர்டு மூடல்களுக்கு வாக்களித்தது. அந்த ஆண்டுத் தேர்தலுக்குப் பின் வந்த போர்டு 2023 ஜனவரியில், இன்னும் மூடப்படாமல் இருந்த ஐந்து பள்ளிகளின் மூடலை 4-3 என்ற ஓட்டில் ரத்து செய்தது. பார்க்கர் பள்ளி அதற்குள் மூடப்பட்டிருந்தது. ஆகவே ஓட்டில் தோற்றாலும், மூடலை ஓராண்டாவது தள்ளிவைக்கக் கேளுங்கள். கட்டடத்தை விற்கும் பேச்சு வந்தால், கலிபோர்னியாவில் அதற்கு முன் 7 முதல் 11 பேர் கொண்ட குடிமக்கள் ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்க வேண்டும். அந்தக் குழுவில் உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.